ஓலையைப் படித்தவன் யார்?

சென்ற இதழில் ஒற்றர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மூச்சுவிட இடம் வைக்காமல் எழுதியிருந்ததால் வேறு வழி இருக்கவில்லை. பெரும் போர்களைத் தீர்மானித்தவர்கள் தலைவர்களோ தளபதிகளோ அல்லர், உயிரைத் துச்சமாக எண்ணிய சில தனி மனிதர்கள்தான் என்பது கட்டுரையாளரின் முதல் வாதம். ஒற்று நாவல்கள் எல்லாம் பெயர் மாற்றி எழுதிய வரலாறு என்பது இரண்டாவது. கிரஹாம் கிரீனும் ஜான் லெ காரேயும் கோப்பு புரட்டும் கிழவர்களை எழுதி அந்த வீரத்தைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள், இயான் ஃப்ளெமிங் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதினார் என்பது மூன்றாவது. சாட்சிக் கூண்டில் ஏற்ற சோர்கே, மாத்தா ஹரி, நூர் இனாயத் கான், போபோவ் என்று ஒரு வரிசை. முத்தாய்ப்பாக வள்ளுவர்.

கட்டுரையாளர் அழைத்துவந்த சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தாலே போதும், வழக்கு தள்ளுபடியாகிவிடும். வள்ளுவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரிச்சர்ட் சோர்கேவுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறார். 1895இல் பாக்கூ அருகே பிறந்தவர், ஜெர்மானியத் தந்தை, ரஷ்யத் தாய், முதல் உலகப் போரில் காலில் காயம், டோக்கியோவில் ஜெர்மன் பத்திரிகை நிருபர் என்ற வேடம், ஜெர்மன் தூதரகத்தில் சர்வ சுதந்திரம், குடி, மோட்டார் சைக்கிள், காதலிகள். எல்லாம் உண்மை. ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கப்போகிறார் என்று அவர் மாஸ்கோவுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பியதும் உண்மை. அனுப்பினார் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த பத்தியில் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விடுகிறார் கட்டுரையாளர். ஐயா, அனுப்பிய செய்தி என்ன ஆயிற்று?

1941 ஜூன் 22 விடியலில் ஜெர்மன் படை எல்லை தாண்டியபோது, சோவியத் போர் விமானங்கள் தரையில் வரிசையாக நின்றபடியே எரிந்தன. சோர்கே மட்டும் எச்சரித்திருந்தால் ஒருவனுடைய சொல்லை எப்படி நம்புவது என்றாவது சமாதானம் சொல்லலாம். பெர்லினில் ஜெர்மன் விமானத் துறை அமைச்சகத்துக்குள்ளேயே இருந்த ஷுல்ட்ஸே-பாய்சன் என்ற அதிகாரியும் அதையே சொன்னார். தாக்குதலுக்கு ஐந்து நாள் முன்பு, ஏற்பாடுகள் முடிந்துவிட்டன, எந்நேரமும் அடி விழலாம் என்ற அவருடைய தகவல் ஸ்டாலின் மேசைக்கு வந்தது. ஸ்டாலின் அதன்மேல் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவை எழுதி, கொண்டுவந்த அமைச்சருக்கே திருப்பி அனுப்பினார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. தகவல் தந்தவரை 1942 டிசம்பரில் நாஜிகள் பெர்லினில் தூக்கிலிட்டார்கள். இங்கே வரலாற்றை எழுதியது யார்? உயிரைக் கொடுத்துத் தகவல் தந்தவரா, வசவு எழுதிய பேனாவா?

சோர்கே மாஸ்கோவையே காப்பாற்றினார் என்று அடுத்ததாக ஒரு வெடி. ஜப்பான் கிழக்கிலிருந்து தாக்காது என்று 1941 செப்டம்பரில் அவர் சொன்னாராம், உடனே சைபீரியப் படைகள் ரயிலேறினவாம், மாஸ்கோ பிழைத்ததாம். திரைக்கதைக்கு இது அருமையாகப் பொருந்தும். சோர்கே அப்படிச் சொன்னதும் மெய்தான். ஆனால் பைக்கால் ஏரிக்கு அப்பால் இருந்த 16ஆவது படைக்கு மேற்கே நகர உத்தரவு போனது 1941 மே மாதத்தில், போர் தொடங்குவதற்கும் முன்னால். கோடையிலும் கிழக்கிலிருந்து டிவிஷன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஜப்பானின் ரகசியத் தந்திகளைச் சோவியத் குறியீட்டு நிபுணர்கள் தனியே படித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் வடக்கே வராமல் தெற்கே திரும்பியதற்குக் காரணம், 1939இல் கல்கின் கோலில் சோவியத் படையிடம் வாங்கிய அடியும், 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும். இத்தனைக்கும் நடுவில் சோர்கேயின் செய்தி ஒரு செய்தி. முக்கியமான செய்திதான். அவ்வளவுதான்.

இந்தக் கதையில் கட்டுரையாளர் பெயர்கூடச் சொல்லாமல் விட்ட ஒருவர் இருக்கிறார். மாக்ஸ் கிளாவ்சன், சோர்கே குழுவின் வானொலி இயக்குநர். வேடத்துக்காகத் தொடங்கிய வணிகம் நன்றாகப் போகவே, அவருக்குக் கொள்கையில் பிடிப்பு விட்டுப்போயிற்று. 1941இல் சோர்கே எழுதிக் கொடுத்தவற்றில் பெரும்பகுதியை அனுப்பாமல் கிழித்துப் போட்டதாகக் கைதான பின் அவரே வாக்குமூலம் கொடுத்தார். உலகத்தின் தலைசிறந்த ஒற்றர் என்கிறோம். அவர் எழுதியதில் எவ்வளவு அவருடைய அறையைத் தாண்டிப் போனது என்பதை முடிவு செய்தவர் களைத்துப்போன ஒரு வியாபாரி.

சோர்கே 1944 நவம்பர் 7 அன்று சுகாமோ சிறையில் தூக்கிலிடப்பட்டார். இருபது ஆண்டுகள் சோவியத் அரசு அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருடைய மனைவி காத்யா 1942இல் சொந்த நாட்டு அரசாலேயே கைது செய்யப்பட்டு, நாடுகடத்தப்பட்ட இடத்தில் மறு ஆண்டே இறந்தார். 1964இல் ‘சோவியத் யூனியன் வீரர்’ பட்டம், அஞ்சல் தலை, தெருப் பெயர். வீர வழிபாட்டில் குறையே வைக்கவில்லை. காத்யாவுக்குக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

அடுத்து மாத்தா ஹரி. ஐம்பதாயிரம் பிரெஞ்சு வீரர்களின் சாவுக்குக் காரணமான பேரழகி என்று எழுதியிருக்கிறார். இந்த எண்ணிக்கையை முதலில் சொன்னது அவரைச் சுட்டுக் கொல்ல விரும்பிய தரப்பு. குற்றப்பத்திரிகையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்பவரிடம் வரலாறு பேசி என்ன பயன்? 1917 ஏப்ரலில் நிவெல் என்ற தளபதி நடத்திய தாக்குதல் படுதோல்வி அடைந்து, பிரெஞ்சுப் படைக்குள்ளேயே கலகம் மூண்டிருந்தது. தோற்றதற்கு யாராவது காரணமாக வேண்டும். ஜூலையில் கதவைச் சாத்திக்கொண்டு விசாரணை, அக்டோபர் 15 காலை வான்சென்னில் துப்பாக்கி வரிசை. அவர் எந்த ரகசியத்தை விற்றார், அதனால் எந்தப் படைப்பிரிவு எங்கே அழிந்தது என்பதற்கு அந்த நீதிமன்றத்தில் ஒரு சான்றும் வரவில்லை. ஜெர்மானியரிடம் பணம் வாங்கினார், அது நிஜம். கொடுத்த பணத்துக்கு அவர்களுக்கு ஊர்வம்பைத் தவிர வேறு ஏதாவது கிடைத்ததா என்றால் பதில் இல்லை.

நம் வாசகர்கள் ரசிக்கக்கூடிய ஒன்றையும் அவர் கோட்டை விட்டிருக்கிறார். நெதர்லாந்தின் லேவார்டனில் 1876இல் ஒரு தொப்பி வியாபாரிக்கு மகளாகப் பிறந்த மார்கரெட்டா ஜெல்லே, பாரிஸ் மேடையில் தன்னைக் கீழைநாட்டுக் கோயில் நடனக்காரி என்று விற்றார். அதற்காகப் புழங்கவிடப்பட்ட பிறப்புக் கதைகளில் ஒன்றின்படி, அவர் தென்னிந்தியாவில், மலபார்க் கரையில் உள்ள யாழ்ப்பாணப்பட்டணத்தில், கந்தசுவாமி கோயில் நடனப் பெண்ணுக்குப் பிறந்தவர்! யாழ்ப்பாணத்தைத் தூக்கி மலபார்க் கரையில் வைத்த பூகோளத்தைப் பாரிஸ் அப்படியே நம்பியது. உடைகளைக் களைந்து ஆடுபவரிடம் வரைபடம் கேட்க யாருக்கு மனம் வரும். இந்தப் பூகோளத்தைக் கேள்வி கேட்காத நகரம்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஐம்பதாயிரம் என்ற எண்ணையும் கேள்வி கேட்காமல் ஏற்றது. நூறாண்டு தாண்டி நம் கட்டுரையாளரும் ஏற்றிருக்கிறார்.

நூர் இனாயத் கானைப் பற்றி எழுதும்போது அவருக்குக் கண்கலங்குகிறது. எனக்கும்தான். திப்பு சுல்தானின் வழிவந்தவர், 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர், ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதி 1939இல் வெளியிட்டவர், 1943 ஜூனில் பிரிட்டிஷ் வானொலி இயக்குநராக ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் இறங்கியவர். கூட இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாட்டிக்கொண்ட பிறகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிசில் வீடு மாற்றி வீடு மாற்றிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். விசாரணையில் சகாக்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று தாஹாவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் சிலுவை. இவ்வளவையும் எழுதிவிட்டு, அவர் ரத்தத்தால் நார்மண்டிக்கு வழி திறந்தது என்று முடிக்கிறார். நூரின் துணிவை யாரும் மறுக்கவில்லை. அந்தத் துணிவை லண்டன் என்ன செய்தது என்பதைத்தான் கேட்கிறேன்.

நூர் பிடிபட்ட பின் அவருடைய வானொலியை ஜெர்மானியர்களே இயக்கினார்கள். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற எச்சரிக்கை லண்டனுக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே பூடகமாக வந்தது. நூரை அனுப்பிய அமைப்பில் பிரெஞ்சுப் பிரிவின் தலைவராக இருந்த பக்மாஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. நூரின் பெயரில் வந்த செய்திகளை நம்பி, ஆட்களையும் ஆயுதங்களையும் பணத்தையும் வானத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். 1944 பிப்ரவரி இறுதியில் ஷார்த்ர் நகருக்கு அருகே அப்படிக் குதித்த மூவரை வரவேற்கக் கீழே கெஸ்டபோ நின்றது. மூவரில் ஒருவர் மதலேன் தாமர்மான். தாஹாவில் அதே காலையில் கொல்லப்பட்ட, நூரையும் சேர்த்து நான்கு பெண்களில் இவரும் ஒருவர். இந்தப் பெண்ணைக் கொன்றது எதிரியின் தோட்டா. தோட்டாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது லண்டன் பேக்கர் தெருவில் இருந்த ஓர் அலுவலகம்.

இது விதிவிலக்கு என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். ஹாலந்துக்குப் போவோம். 1942 மார்ச்சில் தி ஹேக் நகரில் லாவர்ஸ் என்ற வானொலி இயக்குநர் பிடிபட்டார். துப்பாக்கி முனையில் செய்தி அனுப்பச் சொன்னார்கள். பிடிபட்டால் லண்டனுக்குத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருந்தது: வழக்கமாகச் செய்தியில் வேண்டுமென்றே வைக்கும் ஒரு பிழையை வைக்காமல் விடவேண்டும். லாவர்ஸ் விட்டார். லண்டன் கவனிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் விட்டார். அப்போதும் இல்லை. லண்டன் அடுத்த ஆளை அனுப்பியது, அவரும் நேராகச் சிறைக்குப் போனார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் குதித்து மாட்டினார்கள். பெரும்பாலோர் மவுத்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள். லியோ மார்க்ஸ் என்ற இளம் குறியீட்டு அதிகாரிக்குத்தான் லண்டனில் முதலில் உறைத்தது. குண்டு விழும் ஊரில் பதுங்கியிருந்து அனுப்புகிறவனுக்குக் கை தவறாதா? மற்ற நாட்டுச் செய்திகளில் எல்லாம் பிழைகள் மலிந்திருக்க, ஹாலந்திலிருந்து வருபவை மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று கேட்டார். மேலிடம் கேட்டுக்கொண்டது, அவ்வளவே. 1943 ஆகஸ்டில் உபிங்க், டவர்லைன் என்ற இருவர் சிறையிலிருந்து தப்பி, ஸ்விட்சர்லாந்து வரை போய், நடப்பது இதுதான் என்று சொன்னார்கள். அவர்கள் லண்டன் வந்து சேர்ந்தபோது, ஜெர்மானியர் அனுப்பிய ஆட்களாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இருவரையும் சிறையில் போட்டார்கள். ஜெர்மானியர் அனுப்பிய பொய்ச் செய்திகளை இரண்டு ஆண்டு நம்பிய அதே அலுவலகம், உயிரோடு வந்து நின்ற இரண்டு பேரை நம்பவில்லை.

தனி மனிதத் துணிவு போரைத் தீர்மானிக்கும் என்றால் இந்த ஐம்பது பேரின் துணிவு எதைத் தீர்மானித்தது?

போபோவ் கதைக்கு அதிக நேரம் வேண்டாம். செர்பியர், செல்வந்தர், பெண்பித்தர், பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்குமாக இரட்டை வேடம் போட்டவர். போர்ச்சுகலின் எஸ்டோரில் சூதாட்ட விடுதியில் 1941இல் ஃப்ளெமிங் இவரைப் பார்த்தார், அதிலிருந்து பாண்ட் பிறந்தார் என்பது வாய்வழிக் கதை. பெயர் வந்த வழியாவது நிச்சயமாகத் தெரியும்: ஃப்ளெமிங்கின் ஜமைக்கா வீட்டில் இருந்த, மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகள் பற்றிய நூலின் ஆசிரியர் பெயர் ஜேம்ஸ் பாண்ட். போபோவின் வாழ்க்கையில் உண்மையிலேயே பெரிய கட்டம் சூதாட்ட மேசையில் நடக்கவில்லை. 1941 ஆகஸ்டில் அவர் அமெரிக்கா போனபோது, ஜெர்மானியர் அவரிடம் கொடுத்தனுப்பிய கேள்விப் பட்டியலை எப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்தார். அதில் கணிசமான பகுதி பேர்ல் ஹார்பரைப் பற்றியது. அதன் தலைவர் எட்கர் ஹூவருக்கு போபோவின் நடத்தை பிடிக்கவில்லை. முற்றுப்புள்ளி அளவுக்குச் சுருக்கப்பட்ட நுண்படத் தொழில்நுட்பத்தைத்தான் வெள்ளை மாளிகைக்குப் பெருமையாகக் காட்டினார். அந்தப் புள்ளிக்குள் இருந்த ஹவாய்க் கேள்விகள் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் டிசம்பர் 7 தவிர்க்கப்பட்டிருக்குமா என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஒற்றன் தன் வேலையைச் செய்தான், மேசை செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஓர் ஒற்றர் உண்மையாகவே போரின் போக்கைத் தொட்டார் என்று ஒருவரைச் சொல்லலாம். கட்டுரையாளரின் வரிசையில் அவர் இல்லை. இருந்தால் வாதம் இடிந்துவிழும். ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியர். கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர். ஒற்றனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாட்ரிட் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போனார், விரட்டினார்கள். சரி என்று ஜெர்மானியரிடம் சேர்ந்து, லண்டனில் இருந்து எழுதுவதாகச் சொல்லி லிஸ்பனில் உட்கார்ந்து எழுதினார். பிரிட்டனை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கையில் ஒரு சுற்றுலாக் கையேடு. ஒரு லிட்டர் ஒயினுக்காகக் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் எதையும் செய்வார்கள் என்று எழுதினார். பீரும் விஸ்கியும் குடிக்கிற ஊரைப் பற்றி எழுதிய இந்த வரியை ஜெர்மன் உளவுத்துறை சந்தேகமே இல்லாமல் விழுங்கியது.

1942இல் எம்.ஐ.5 அவரை லண்டனுக்கே கூட்டிவந்தது. மாத்தா ஹரியாகத் திரையில் நடித்த நடிகையின் பெயரையே, கார்போ என்று, ரகசியப் பெயராகச் சூட்டியது. அந்த அளவுக்கு நடிகர். ஹென்டனில் ஒரு சாதாரண வீட்டில், டோமாஸ் ஹாரிஸ் என்ற அதிகாரியோடு சேர்ந்து, இல்லாத இருபத்தேழு துணை ஒற்றர்களைப் படைத்தார். ஒவ்வொருவருக்கும் ஊர், தொழில், குணம், செலவுக் கணக்கு. லிவர்பூல் பக்கத்துக் கற்பனை ஆள் ஒருவர், சொல்லியாகவேண்டிய கப்பல் போக்குவரத்தைச் சொல்லாமல் விட்டதற்குச் சமாதானமாக நோயில் விழுந்து இறந்துபோனார். பத்திரிகையில் இரங்கல் விளம்பரம் வந்தது. இல்லாத கணவனை இழந்த இல்லாத விதவைக்கு ஜெர்மனி உதவித்தொகை கொடுத்தது. 1944 ஜூன் 9 அன்று, நார்மண்டி இறக்கம் கண்துடைப்பு, பெருந்தாக்குதல் கலே பக்கம் வரும் என்று கார்போ அனுப்பிய நீண்ட செய்தி ஜெர்மன் தலைமைவரை போனது. கலேயில் படைகள் காத்துக்கொண்டே இருந்தன. ஹிட்லரின் இரும்புச் சிலுவையும் பிரிட்டிஷ் மன்னரின் விருதும் ஒரே மனிதருக்கு வந்தன.

இவர் துப்பாக்கி தூக்கவில்லை, சுவரேறிக் குதிக்கவில்லை, எந்த ரகசியத்தையும் திருடவில்லை. கதை எழுதினார். கேட்டவர்கள் நம்ப விரும்பினார்கள் என்பதால் கதை ஓடியது. ஸ்டாலினுக்கு மெய் வேண்டியிருக்கவில்லை, மெய்யைத் தூக்கி எறிந்தார். ஹிட்லரின் ஆட்களுக்குப் பொய் வேண்டியிருந்தது, பொய்க்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். ஒற்றின் வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. கட்டுரையாளர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

நாவல்கள் வரலாற்றின் நகல் என்கிறாரே, அங்கேயாவது நிற்கிறாரா என்றால் தலைகீழாக நிற்கிறார். வில்லியம் லெ க்யூ என்ற ஆங்கில நாவலாசிரியர் 1906இல் ‘1910இன் படையெடுப்பு’ என்ற தொடரை டெய்லி மெயிலில் எழுதினார். ஜெர்மன் படை இங்கிலாந்துக்குள் எந்தெந்த ஊர் வழியாக வரவேண்டும் என்பதைப் பத்திரிகை முதலாளி மாற்றச் சொன்னார். வழியில் டெய்லி மெயில் விற்கும் ஊர்கள் போதவில்லையாம். 1909இல் அவரே ‘கைசரின் ஒற்றர்கள்’ எழுதினார். முடிவெட்டுபவர், உணவக ஊழியர், யாரைப் பார்த்தாலும் ஜெர்மன் ஒற்றர் என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கடிதங்களில் வந்ததெல்லாம் ராணுவ அலுவலகத்தில் எட்மண்ட்ஸ் என்ற அதிகாரி வழியாக அரசுக் குழுவின் முன் சான்றாகவே போனது. அந்த ஆண்டே ரகசியச் சேவைப் பணியகம் தொடங்கப்பட்டது. இன்றைய எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டுக்கும் தாய் அதுதான். நாவல் வரலாற்றிலிருந்து பிறந்தது என்கிறார் இவர். உலகின் பெயர்பெற்ற உளவுத்துறை பிறந்ததில் ஒரு மலிவு நாவலுக்குப் பங்கு இருக்கிறது.

இனி, ஃப்ளெமிங் களம் கண்டவர், கிரீனும் லெ காரேயும் மேசைக்காரர்கள் என்ற வாதம். இதை எழுதுமுன் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியிருக்கலாம். ஃப்ளெமிங் போர்க்காலம் முழுக்கக் கடற்படை உளவுத்துறைத் தலைவரின் உதவியாளர். பணியிடம் லண்டன் அட்மிரால்டியின் 39ஆம் எண் அறை. எழுத்து வேலை, திட்ட வேலை. கிரீன் சியரா லியோனில் எம்.ஐ.6 ஆளாக இருந்தவர். பிறகு போர்ச்சுகல் பிரிவில் கிம் ஃபில்பிக்குக் கீழே வேலை பார்த்தவர். லிஸ்பனில் உட்கார்ந்து பொய் அறிக்கை எழுதிப் பிழைத்தவர்களின் கோப்புகள் அங்கேதான் அவர் கைக்கு வந்தன. 1958இல் அவர் எழுதிய ஹவானா நாவலில், வாக்குவம் கிளீனர் விற்பவர் அந்த இயந்திரத்தின் பாகங்களையே ராணுவ ரகசியமாக வரைந்து அனுப்ப லண்டன் புல்லரித்துப்போகிறது. இதைக் கேலி நாவல் என்று தள்ளுகிறார் கட்டுரையாளர். கார்போவைப் படித்தவர்களுக்கு அது ஏறக்குறைய ஆவணப்படம். லெ காரே பான், ஹாம்பர்க் நகரங்களில் தூதரக வேடத்தில் இருந்த எம்.ஐ.6 அதிகாரி. 1963இல் வந்த அவருடைய நாவலில் சொந்த அலுவலகமே தன் ஆளைப் பலியாடாக அனுப்புகிறது. ஆக, களத்தில் இருந்தவர்கள் கோப்புகளை எழுதினார்கள். மேசையில் இருந்தவர் களத்தைக் கனவு கண்டார். யார் உள்ளதை எழுதியவர்?

இவர்களுக்கு முன்னோடி சாமர்செட் மாம். திருவண்ணாமலைக்கு 1938இல் வந்து ரமணர் முன் அமர்ந்த அதே மாம்தான். அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பு, ரஷ்யா போரிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்ளப் பிரிட்டன் பெட்ரோகிராட் நகருக்கு ரகசியமாக அனுப்பியதும் அவரைத்தான். ரஷ்யப் பிரதமர் கெரன்ஸ்கியின் செய்தியை எடுத்துக்கொண்டு அவர் லண்டனுக்குப் புறப்பட்ட சில நாட்களில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1928இல் அவர் எழுதிய ஆஷெண்டன் கதைகளில் காத்திருப்பும் சலிப்பும் தவறான ஆளைக் கொல்வதும்தான் இருக்கின்றன. ஜெய்சங்கர் படம் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏமாற்றம் மாம் மீது சொல்லும் குறை ஆகாது.

வள்ளுவருக்கு வருவோம். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்து ஒற்றனின் பெருமையை வள்ளுவர் பாடினார் என்கிறார் கட்டுரையாளர். அதிகாரத்தைத் திறந்து பார்த்தாரா? அது பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது, பேச்சு அரசனோடு. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவரை ஆண்டு, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் தெளிந்துகொள் என்கிறார். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யாதே என்றும் சொல்கிறார். ஒற்றனின் சாகசம் அதில் எங்கே? தனி ஒருவனை நம்பாதே என்பதுதான் அங்கே பாடம். பக்மாஸ்டருக்கும் ஸ்டாலினுக்கும் சொல்லவேண்டிய பாடம். ஜேம்ஸ் பாண்டுக்கு மேளம் அடிக்க வள்ளுவரைக் கூப்பிட்டால், அவர் வந்து பாண்டின் அறிக்கையை இன்னும் இருவரிடம் கேட்டுச் சரிபார்க்கச் சொல்வார்.

கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலையும் ஓரிடத்தில் சான்றாக இழுத்திருக்கிறார். இமயத்தில் ஒற்றறிந்த இந்தியர்களின் தீரத்துக்கு 1901இல் வந்த அந்த நாவலே சாட்சியாம். அந்த இந்தியர்கள் நிஜமானவர்கள்தான். 1802இல் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டுத் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவைதான் பிற்பாடு இமயம்வரை வளர்ந்து, வெள்ளையர் நுழைய முடியாத திபெத்துக்குள் இவர்களை யாத்திரிகர் வேடத்தில் அனுப்பியது. நைன் சிங் 108க்குப் பதில் நூறு மணிகள் கோத்த ஜெபமாலையில் காலடிகளை எண்ணியபடி லாசாவுக்குப் போனார். இவர்களில் ஒருவரை நாவல்கள் தொடவில்லை. கட்டுரையாளரும் தொடவில்லை. கிந்துப்.

சிக்கிமைச் சேர்ந்த கிந்துப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திபெத்தின் சாங்போ ஆறும் அஸ்ஸாமின் பிரம்மபுத்திராவும் ஒன்றுதானா என்பது அப்போது பெரிய கேள்வி. 1880இல் ஒரு சீன லாமாவோடு அவரை அனுப்பினார்கள். அடையாளமிட்ட மரக்கட்டைகளை மேலே ஆற்றில் விடவேண்டும். கீழே அஸ்ஸாமில் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். லாமா பணத்தைத் தின்றுவிட்டு, கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்துப் தப்பினார், ஒரு மடத்தில் தஞ்சம் புகுந்து மீண்டும் ஊழியத்தில் சிக்கினார். யாத்திரை போக விடுப்புக் கேட்டு, அந்த விடுப்பில் காட்டுக்குள் ஐந்நூறு கட்டைகள் வெட்டி மறைத்துவைத்தார். இன்னொரு விடுப்பில் லாசா போய், ஒருவரைப் பிடித்து, எந்த நாளிலிருந்து கட்டை விடுவேன் என்று டார்ஜிலிங்குக்குக் கடிதம் எழுதுவித்தார். சொன்ன நாளில் திரும்பி வந்து, நாளுக்கு ஐம்பதாகப் பத்து நாள் ஆற்றில் விட்டார். வேறு எவரும் எப்போதோ விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

கடிதம் சேரவேண்டிய ஹார்மன் என்ற அதிகாரி அதற்குள் இந்தியாவை விட்டுப் போயிருந்தார். அஸ்ஸாம் கரையில் யாரும் நிற்கவில்லை. ஐந்நூறு கட்டைகளும் யார் கண்ணிலும் படாமல் வங்காள விரிகுடாவுக்குப் போயின. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்த கிந்துப் வாய்மொழியாகச் சொன்னதை வேறொருவர் எழுதினார். ஒரு சிற்றோடையின் 150 அடி அருவி, எழுதியவர் குழப்பத்தில் சாங்போவின் அருவியாக மாறிவிட்டது. அறிக்கையைப் பலரும் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்த்தபோது, கிந்துப் சொன்னதில் பெரும்பகுதி துல்லியமாக இருந்தது. பெய்லி அவரைத் தேடியபோது டார்ஜிலிங்கில் துணி தைத்துக்கொண்டிருந்தார். அரசு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அதன்பின் அவர் அதிக நாள் உயிரோடு இல்லை.

கட்டுரையாளர் அடுத்த இதழில் பதில் எழுதுவதாக ஆசிரியர் சொல்கிறார். மகிழ்ச்சி. பாண்டின் கார் எது, சோர்கேயின் மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனி என்பதையெல்லாம் தாராளமாக எழுதட்டும். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தன் பட்டியலில் உள்ள நால்வரில் யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் அனுப்பியது யார் கைக்குப் போனது, அந்தக் கை அதை என்ன செய்தது என்று பெயரும் தேதியும் போட்டு எழுதட்டும். அது முடியாதென்றால், ஒற்றர்கள் வரலாற்றை எழுதினார்கள் என்ற தலைமை வாதத்தைத் திரும்பப் பெறட்டும்.